அல்லூர்க் கரை

லேடாங் மலையில் மதியம் மழை பிடித்தால், எங்கள் தோட்டத்து வடிகாலான அல்லூரில் தண்ணீர் நிறம் மாறச் சாயங்காலம் ஆகிவிடும். லயத்துக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கும். ஒரு சொட்டு விழுந்திருக்காது. ஆனாலும் துவைத்துக்கொண்டிருக்கும் பெண்களில் யாராவது ஒருத்தி தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மலையில பேயுது, பிள்ளைங்கள மேல ஏத்துங்கடி" என்று குரல் கொடுப்பாள். முதலில் பால்மரத்துச் சருகும் வெடித்த கொட்டை ஓடுகளும் மிதந்து வரும். அப்புறம் நுரை. அதற்கும் பிறகுதான் செம்மண் கரைந்த தண்ணீர், இரு கரையையும் தொட்டுக்கொண்டு, இரைச்சலோடு. நாங்கள் மேட்டில் வரிசையாக நின்று, சறுக்கி வரும் மூங்கில் துண்டுகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

ஜாசின் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை, அசகான் வட்டாரம். அங்கே ஒரு தோட்டத்தில் மலைக்கு மிகவும் ஒட்டியிருந்த டிவிசன் எங்களுடையது. வாசலில் நின்றால் 1,276 மீட்டர் உயர லேடாங் மலை அடிமுதல் முடிவரை தெரியும். ஆறு லயம், மாரியம்மன் கோயில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், ஒரு பாய் கடை, ஒரு கள்ளுக்கடை. ஊர் என்று சொல்ல அவ்வளவுதான். அல்லூர் மலையடிவாரத்து ஓடை ஒன்றிலிருந்து பிரிந்து, நிரை நிரையாக நின்ற பால்மரங்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் நேராக வரும். லயங்களின் முதுகுப்பக்கம் வந்ததும் ஒரு வளைவு. பிறகு ஸ்டோரைத் தாண்டி, பாசாக்காட்டில் இறங்கி மறைந்துவிடும். அந்தத் தண்ணீர் கடைசியில் கெசாங் ஆற்றுக்குப் போகிறது என்று அப்பா சொல்லுவார். மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லை பிரிக்கிற ஆறு என்பதால், எங்கள் துறையில் விட்ட காகிதக் கப்பல் வேறு மாநிலத்தைப் பார்க்கும் என்பதில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

மலாக்கா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது பட்டணத்து ஆறு. பரமேஸ்வரா காலத்திலிருந்து கப்பல் பார்த்த ஆறு. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக வந்து கோட்டை பிடித்த ஆறு. 2008இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜோர்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கு அந்த ஆற்றங்கரையில் நடைபாதையும் சுவரோவியமும் சுற்றுலாப் படகும் உண்டு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் அந்தப் படகில் போயிருக்கிறேன். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இந்த மாநிலத்துக்குச் சோறு போட்ட காடு எது, அந்தக் காட்டில் நின்ற தண்ணீரை யார் கை வடித்தது என்பதும் மலாக்காவின் சரித்திரம்தான். அதைச் சொல்ல எந்தக் கரையிலும் ஒரு பலகை நட்டதாக நான் பார்க்கவில்லை.

நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமே மலாக்காவில்தான் பிறந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று பார்த்த தோட்டக்காரர்களிடமெல்லாம் விதையை நீட்டிக்கொண்டிருந்த காலம். பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். மலாக்காச் சீனரான டான் சாய் யான் வாங்கிக்கொண்டார். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டுப் பார்த்தார். அதுவரை அந்த மண்ணில் மரவள்ளிதான். அது நிலத்தின் சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரப்பர் பிடித்துக்கொண்டதும், லிம் பூன் கெங் முதலியவர்களோடு கூட்டுச் சேர்ந்து புக்கிட் அசகானில் ஏறக்குறைய 3,000 ஏக்கருக்கு விரித்தார். கொஞ்ச ஆண்டுகளில் அது வெள்ளைக்காரக் கம்பெனியின் கைக்குப் போனது. பக்கத்துக் காடுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. காடு திறந்த இடத்துக்கெல்லாம் ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் கப்பலேறி நம் கிராமங்களுக்குப் போனார்கள்.

அந்த வழியில் வந்தவர் என் தாத்தா. 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். பால் வெட்டத்தான் கூட்டி வருகிறார்கள் என்று நினைத்து வந்தவரின் கையில் முதலில் கொடுத்தது மண்வெட்டி. "உளி பிடிக்கக் கத்துக்குறதுக்கு முந்தி மம்பட்டி பிடிச்சவன் நான்" என்று கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மலைச்சரிவு இறங்கிச் சமதரையாகிற இடத்தில் தண்ணீர் தேங்கும். வேர் தண்ணீரில் நின்றால் பால்மரம் தேறாது; ஆழமாக வேர் விடாமல், பலத்த காற்றில் சாய்ந்துவிடும். அதனால் மரம் நடுவதற்கு முன்னே அல்லூர் வெட்ட வேண்டும். நட்ட பிறகும் ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டும். வேலை சங்கிலிக் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி. இத்தனை சங்கிலி வெட்டினால் இத்தனை காசு. ஒப்பந்தத்துக்கு வந்த சீனர்களும் ஜாவாக்காரர்களும் மேல்பாதியை ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். லயத்திலிருந்து பாசாக்காடுவரை நம் ஆட்கள்.

தாத்தா வெட்டும் முறையைக் கையாலேயே காட்டுவார். இரண்டு உள்ளங்கையையும் மேலே அகலமாக, கீழே குறுக்கமாகப் பிடிப்பார். செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே கரை சரிந்து விழும். சாய்த்து வெட்டி, அடியில் ஒரு மண்வெட்டி அகலம் மட்டும் விட வேண்டும். வெட்டிய மண்ணை இரண்டு பக்கமும் போடக் கூடாது, ஒரே பக்கம்தான்; அப்படிப் போட்ட மண்மேடு காய்ந்து இறுகி, அதுவே பின்னாளில் நாங்கள் பள்ளிக்கு நடந்த சடக்கு ஆனது. இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டுவார்களாம். மேலே ஏறியதும் முதல் வேலை, காலில் ஒட்டியிருக்கும் அட்டையைப் புகையிலைத் தண்ணீர் தடவி எடுப்பது. அந்தத் தழும்புகள் தாத்தாவின் கெண்டைக்காலில் கடைசிவரை இருந்தன.

அட்டை ரத்தத்தோடு போயிற்று. காய்ச்சல் உயிரோடு போனது. அப்பாயிக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போனவை. லயத்துப் பெண்கள் அதை மலைக்காய்ச்சல் என்பார்கள். மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதைப் பிற்பாடு ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது படித்துத் தெரிந்துகொண்டேன். கிள்ளானில் அரசாங்க டாக்டராக இருந்த மால்கம் வாட்சன் 1901இல் அங்கே சதுப்பை வடித்து, அல்லூர் வெட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். கரையோரச் சதுப்பில் நிழல் தேடும் கொசு. அங்கே அந்த வைத்தியம் பலித்தது. மலையடிவாரத்தில் கதை வேறு. அங்கே உள்ள அனாபிலஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசு முட்டையிடுவது தெளிந்த, மெல்ல ஓடுகிற, வெயில் படுகிற நீரில். அடர்ந்த காடாக இருந்தவரை அதற்கு இடமில்லை. ரப்பர் நடுவதற்குக் காட்டை அழித்து ஓடையில் வெயில் விழ வைத்ததும் அது பெருகியது. சேறு வடிய வெட்டிய அல்லூரே காய்ச்சலுக்கும் வழிவிட்டது. இந்தப் பக்கத்தில் ரப்பரைத் தொடங்கிவைத்த டான் சாய் யானே 1916இல் மலேரியாவில்தான் இறந்தார். பணக்காரர், வைத்தியம் எட்டும் தூரத்தில் இருந்தவர். லயத்துக் குழந்தைகளுக்கு என்ன இருந்தது?

மலையோரத் தோட்டங்களுக்கு வாட்சன் கண்ட வழி, ஊற்றுகளை மண்ணுக்கடியில் குழாய் வைத்து மூடுவது; மூட முடியாத தண்ணீர்மேல் எண்ணெய் தெளிப்பது. எண்ணெய் தெளிக்கிற அந்த வேலை என் சிறுவயதிலும் நடந்துகொண்டிருந்தது. முதுகில் தகர டாங்கி, வலது கையில் குழாய், இடது கையில் பம்பு என்று வாரம் ஒரு முறை எண்ணெய்க்காரர் தாத்தா வருவார். டீசல் நெடி அவருக்கு முன்னே வரும். மேலே தலைவாயில் தொடங்கி, கரையோரம் தேங்கி நிற்கிற மடிப்புகளை ஒன்றுவிடாமல் தேடித் தேடி அடித்துக்கொண்டு இறங்குவார். தெளித்த இடத்தில் தண்ணீரின் முகம் சட்டென்று மாறும். நீலம், கத்தரி, பச்சை என்று நிறங்கள் விரிந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நகரும். அதற்குள் விரல் விட்டுக் கிழித்தால் மறுபடி கூடிக்கொள்ளும். அன்றைக்குக் குளிக்கக் கூடாது. அவருக்கு மூச்சிரைப்பு இருந்தது; உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடப்பார். 1967இல் அரசாங்கம் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிக்க வந்த பிறகு காய்ச்சல் நின்றே போனது. அதற்கு முன்னால் எங்கள் டிவிசனில் நாங்கள் உயிரோடு வளர்ந்தோம் என்றால், அந்த மனிதர் அத்தனை வருஷம் அந்தக் கரையில் நடந்த நடைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. யாரும் அவருக்கு மாலை போட்டதாகவோ அவரைப் பற்றிப் பேசியதாகவோ எனக்கு நினைவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அல்லூரை எங்கே எதற்குப் பயன்படுத்துவது என்பதில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கோயிலுக்கு மேலே யாரும் கால் நனைக்கக் கூடாது. அங்கே குடத்தில் மொள்ளலாம், அவ்வளவுதான். கோயிலுக்குக் கீழே பெண்கள் துறை. அடுத்து ஆண்கள் துறை. அதற்கும் கீழே மாடு குளிப்பாட்டும் இடம். ஸ்டோருக்குக் கீழே யாரும் இறங்கமாட்டார்கள். ஸ்டோரில் பாலுக்கு அசிட்டு ஊற்றி உறைய வைத்து, ரோலரில் விட்டுச் சீட்டு இழுத்து, புகை வீட்டில் தொங்கவிடுவார்கள். தொட்டி கழுவிய தண்ணீர் முழுக்க அல்லூருக்கு வரும். அந்த இடத்திலிருந்து தண்ணீர் வெளுத்து, புளித்த நாற்றத்தோடு ஓடும். மீன் இருக்காது. மேலே விரால் உண்டு, கெளுத்தி உண்டு, கரையில் கங்கோங் கீரை தானாக மண்டிக் கிடக்கும். மாதக் கடைசியில் பாய் கடைக் கணக்கு ஏறிப்போய்க் கடன் கொடுக்கத் தயங்கும் நாட்களில், கங்கோங் குழம்பும் கெளுத்திக் கருவாடும் எங்களைக் காப்பாற்றின.

பெண்கள் துறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துவைகல். மலையிலிருந்து உருண்டு வந்த கருங்கற்களைப் புரட்டிக் கொண்டுவந்து போட்டவை. எங்கள் கல்லின் முகம் சரிவாக, நடுவில் லேசான குழியோடு இருக்கும். அந்தக் குழி அப்பாயியின் கையும் அம்மாவின் கையும் சேர்ந்து தேய்த்தது. இன்னொருவர் கல்லில் கேட்காமல் துவைத்தால் சண்டை வரும். வேலை முடிந்து, பால் நிறுத்து, பேர் பதிந்து, மதியத்துக்கு மேல் எல்லாரும் இறங்குவார்கள். பால்மரத்துப் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் லேசில் போகாது. கறுத்து, ரப்பராகவே ஒட்டிக்கொள்ளும். அதை நகத்தால் உரித்து உரித்து எடுத்துக்கொண்டே பேசுவார்கள். எந்தக் கிராணி நிறுவையில் கை வைக்கிறான், யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், எந்தத் தண்டல் யாரை எந்த நிரைக்கு மாற்றினான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். ஆண்களுக்குச் சங்கக் கூட்டம் இருந்தது. பெண்களுக்கு அந்தத் துறை இருந்தது. 1960களில் கிராணி ஒருவரைப் பற்றிய புகாரைத் துரையிடம் கொண்டுபோக வேண்டும் என்று முடிவெடுத்தது அந்தக் கற்களின்மேல்தான். மறுநாள் பெரட்டில் முதலில் வாய் திறந்தவள் என் பெரியம்மா.

ஜப்பான் காலத்தில் இந்தக் கரை வேறு மாதிரி இருந்ததாம். பால் வெட்டு நின்று, லயத்தார் பால்மரங்களுக்கிடையே மரவள்ளி போட்டுச் சாப்பிட்ட காலம். தம்பினிலிருந்து மலாக்காப் பட்டணத்துக்கு 1905இல் போட்ட ரயில் பாதையை ஜப்பானியர்கள் பெயர்த்து, தண்டவாளங்களைச் சயாம் பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். பாதை அதற்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. தண்டவாளம் போன வழியிலேயே ஆட்களும் போனார்கள். தாத்தாவின் தம்பியைப் பெரட்டுக் களத்திலிருந்து லாரியில் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அவர் வரவில்லை. எந்த முகாம், எந்த நாள் என்று யாரும் வந்து சொல்லவில்லை. தேதி தெரியாதவருக்கு எந்த நாளில் திதி கொடுப்பது? அப்பாயி ஆடி அமாவாசையை அவருக்கு வைத்துக்கொண்டாள். தாத்தா அல்லூரில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விடுவார். தானே வெட்டிய பகுதியில், தம்பியும் கூட நின்று வெட்டிய பகுதியில்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மாரியம்மன் திருவிழாவினுடையது. கரகம் பாலிப்பது அல்லூர்க் கரையில்தான் என்று லயம் உண்டானபோதே முடிவானதாம். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னே ஆண்கள் எல்லாரும் இறங்கி, லாலான் புல்லை வெட்டி, தூர் எடுத்து, கரையை மெழுகிவிடுவார்கள். அந்த வாரம் மட்டும் எண்ணெய்க்காரர் கோயில் துறைக்கு மேலே எண்ணெய் அடிக்கமாட்டார். சின்னத் துரை ஒருவர் அதற்கு ஆட்சேபித்ததாகவும், கங்காணி போய், "ஐயா, இது எங்க ஆத்தாளோட தண்ணி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வந்ததாகவும் அப்பா சொல்லுவார். இரவு எட்டு மணிக்கு மேல் பெட்ரோமாக்ஸ் விளக்குகளோடு ஊரே கரையில் கூடும். உறுமி ஒருபக்கம், உடுக்கை ஒருபக்கம். பூசாரி இடுப்பளவு தண்ணீரில் நின்று பித்தளைக் குடத்தை அமிழ்த்தி எடுப்பார். வேப்பிலை சொருகி, பூச்சரம் சுற்றி, எலுமிச்சை குத்தி, அவர் தலைமேல் கரகம் ஏறும் அந்த நேரத்தில் கூட்டத்தில் இரண்டு மூன்று பேருக்கு அருள் வந்துவிடும். அம்மாவுக்கு ஒரு முறை வந்தது. சாதாரணமாக உரக்கப் பேசத் தெரியாத பெண் அவள். அன்றைக்குத் தண்ணீருக்குள்ளேயே நின்று, எந்த வீட்டில் எந்தக் குறை என்று சொல்லிக்கொண்டே போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. மறுநாள் தீமிதியில் இறங்கியவர்கள் ஈரத் துணியோடு அந்தத் துறையிலிருந்துதான் நடந்தார்கள். கம்பெனி தன் மரத்துக்காக வெட்டச் சொன்ன பள்ளம் அது. அதில் கங்கையை வரவழைத்தது எங்கள் ஜனங்கள். லேடாங் மலை இளவரசியைப் பற்றி மலாய்க்காரத் தோழிகள் சொல்லும் கதையும் எங்களுக்குத் தெரியும். சுல்தானைத் தட்டிக்கழிக்கப் பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் கேட்டவள். எங்களுக்கு மாரியும் அவளும் ஒரே மலையில், ஒரே தண்ணீரில் இருந்தார்கள். அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை.

நல்லதை மட்டும் சொல்லிப் போனால் அது உண்மையாகாது. லயத்துக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவே அல்லூரைத் தாண்ட ஒற்றைப் பலகைதான். சம்பள நாள் இரவில் அந்தப் பலகையைக் கடந்து வர முடியாமல், முழங்கால் தண்ணீரில் விழுந்து இறந்தவர் ஒருவர். நான்கு பிள்ளைகள் அவருக்கு. கைப்பிடி போட்டுக் கொடுங்கள் என்று முன்பே பலமுறை கேட்டிருந்தார்கள். அவர் இறந்த பிறகுதான் ஒரு கம்பி வந்தது. கள்ளுக்கடை அப்படியே இருந்தது.

1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த வீடுகளில் அடுப்புப் பேச்சு முழுக்க அதுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஆனால் தகப்பன் மனுப் போட்டிருக்கமாட்டார். போட்டிருந்தால் பிறப்புப் பத்திரம் இருக்காது. என் கூட்டாளி குடும்பம் அப்படித்தான் ரஜூலா கப்பலில் ஏறியது. அவள் நாகப்பட்டினத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கோழிகளை விற்றார்கள், தையல் மெஷினை விற்றார்கள். துவைகல்லை விற்க முடியுமா? போகிற அன்றைக்குக் காலையில் அவள் அம்மா என் அம்மாவைக் கையைப் பிடித்துத் துறைக்குக் கூட்டிப் போய், "அக்கா, இனி இது ஒங்க கல்லு. வேற யாரையும் துவைக்க விடாதீங்க" என்றார். அம்மா அதன்பிறகு ஒருநாள் எங்கள் கல், ஒருநாள் அவர்கள் கல் என்று மாற்றி மாற்றித் துவைத்தாள்.

பிறகு நடந்தது எல்லாத் தோட்டத்துக்கும் பொது. விரிவாகச் சொல்ல எனக்கு மனம் இல்லை. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம். இளையவர்கள் மலாக்காவுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். நானும் ஆசிரியையாகிப் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். 1991இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா முழுக்கத் தண்ணீர்ப் பங்கீடு வந்த மாதங்களில், லாரி வருமா என்று வாளியோடு காத்திருந்தபோது, அப்பா தோட்டத்திலிருந்து எண்ணெய் டின்களில் அல்லூர்த் தண்ணீரை நிரப்பித் தெரிந்தவர் வேனில் அனுப்பிவைத்தார். வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தோம். கொஞ்சம் செம்மண் ருசி இருந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும் ஒரு டின் கொடுத்தேன். அடுத்த சில ஆண்டுகளில் லயங்களும் இடிபட்டன.

அல்லூர் இருக்கிறது. செம்பனைக்கும் வடிகால் வேண்டும் என்பதால் இயந்திரம் வைத்து ஆழப்படுத்தி, இன்னும் நேராக்கியிருக்கிறார்கள். பெண்கள் துறைக் கற்களை வாரிக் கரையில் போட்டிருக்கிறார்கள். புல்லுக்குள் சில தெரிகின்றன, எங்களுடையது எது என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. இப்போது அங்கே வேலை செய்கிற வங்காளதேசத்துப் பையன்கள் மாலையில் அதே வளைவில் குளிக்கிறார்கள். சோப்பு நுரையோடு நின்ற ஒருவன், நாங்கள் யார் என்று மலாயில் விசாரித்தான். சொன்னதும் விலகி நின்று வழிவிட்டான். கோயிலும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, சிதறிப்போனவர்கள் எல்லாரும் காரும் வேனுமாக வந்து, கேட்டில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் திருவிழா நடத்துகிறோம். கரகம் இன்னமும் அல்லூரில்தான்.

ஆனால் சின்னப்பிள்ளைகளுக்கு எந்த இடம் எது என்று தெரியவில்லை. கம்பெனி வரைபடத்தில் அதற்கு ஓர் எண் மட்டும் இருக்கிறது. அதனால் ஜாசினில் மலிவு விலை வீட்டில் இருக்கும் என் அத்தையிடம் ஒரு பெரிய மணிலாத் தாளோடு போய் உட்கார்ந்தேன். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழாக நடக்கத் தொடங்கினார்.

"மொதல்ல தலைவா. அங்கேருந்து கொஞ்சம் வந்தா ஈட்டிப் பாறை. பாறைக்கு இந்தாண்ட கங்காணி பலாமரம். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்த. பலாமரத்துக்கு அப்புறம் கோயில் துறையா?"

"அவசரப்படாத. நடுவுல சின்னப் பலகை இருக்கு. ஒங்க அப்பா அதுல நின்னுதான் தூண்டி போடுவாரு. அப்புறந்தான் கோயில் தொற."

கோயில் துறைக்குப் பிறகு பொம்பளத் துறை, ஆம்பளத் துறை, கள்ளுக்கடைப் பலகை, ஸ்டோர் முக்கு, வெள்ளைத் தண்ணி, சீனன் பாலம், கடைசியில் பாசாக்காட்டு வாய். தாத்தா வெட்டத் தொடங்கிய இடத்தை ஒரு கோடு போட்டுக் குறித்தேன். அவர் தம்பியின் பெயரையும், எண்ணெய்க்காரர் தாத்தாவின் நடைவழியையும் குறித்தேன். தாளைச் சுத்தமாக வரைந்து கோயில் கமிட்டியிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த திருவிழாவுக்கு முன் தகரப் பலகையில் எழுதி, கோயில் வாசலில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதும் வேலை ஓர் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. ஆம்பளத் துறைக்கும் கள்ளுக்கடைப் பலகைக்கும் இடையிலே மாடு குளிப்பாட்டிய இடத்துக்கு மாட்டுத் துறை என்று பேர் என்கிறார்கள் மேல் லயத்துக்காரர்கள். கீழ் லயத்தில் பிறந்தவர்கள், பாய் கடைக்காரர் தன் மாட்டைக் கட்டிய இடமாகையால் அது பாய் துறைதான் என்று அடித்துச் சொல்கிறார்கள். போன வாரம்கூட வாட்ஸ்அப்பில் நடு இரவுவரை அதற்கு விவாதம் நடந்தது. நான் பாய் துறைப் பக்கம்.